வாய்தாவே மருந்தான இடம்: மயாமி போதை நீதிமன்றம், 1989

போதைப்பொருள் நீதிமன்றம் என்றால் நம் ஊரில் ஒரே அர்த்தம்தான். சென்னையிலும் மதுரையிலும் கோவையிலும் இருக்கிற என்டிபிஎஸ் சிறப்பு நீதிமன்றம். கஞ்சா மூட்டையோடு பிடிபட்டவர், ஜாமீன் கிடைக்காமல் மாதக்கணக்கில் உள்ளே இருப்பவர், பத்து வருடக் கடுங்காவல் என்று செய்தித்தாளில் பெயர் வருபவர், எல்லோரும் போய் நிற்கிற இடம் அது. என்டிபிஎஸ் என்ற 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்தின்படி விசாரித்துத் தண்டிப்பது அதன் வேலை.

அமெரிக்காவில் அதே பெயரில் நடக்கும் நீதிமன்றம் வேறு ரகம். அங்கே போய் நிற்பவர் குற்றவாளியா இல்லையா என்ற கேள்வியை ஓரமாக வைத்துவிட்டு, நீதிபதி வேறு கேள்விகள் கேட்கிறார். இந்த வாரம் சிகிச்சைக்குப் போனாயா? சிறுநீர்ப் பரிசோதனையில் என்ன வந்தது? ராத்திரி எங்கே தூங்குகிறாய்? வேலை தேடினாயா? இப்படிக் கேட்கிற நீதிமன்றம் முதன்முதலில் 1989-ல் புளோரிடா மாநிலத்தின் மயாமி நகரில், டேட் கவுண்டியில் தொடங்கியது. கவுண்டி என்பது நம் ஊர் மாவட்டம் மாதிரி.

இந்தக் கதையைப் புரிந்துகொள்ள எனக்கு உதவிய சொல் நம்முடையதுதான்: வாய்தா. கோர்ட் வாசலை மிதித்த எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் இந்தச் சொல்லின் கனம் தெரியும். நீதிபதி விடுப்பு, சாட்சி வரவில்லை, வக்கீல் பக்கத்துக் கோர்ட்டில் இருக்கிறார், வாய்தா. ஒவ்வொன்றும் ஒரு நாள் கூலி, ஒரு பஸ் டிக்கெட், ஒன்றும் நடக்காமல் வீடு திரும்பும் ஒரு சாயங்காலம். மயாமிக்காரர்கள் அந்த வாய்தாவையே சிகிச்சையின் கருவியாக்கினார்கள். அந்த நீதிமன்றத்தின் பலம் அதில்தான் இருக்கிறது. ஆபத்தும் அதிலேதான் இருக்கிறது.

சிறை நிரம்பி வழிந்த ஊர்

கொலம்பியாவிலிருந்து கரீபியன் கடல் வழியாக அமெரிக்காவுக்குள் வந்த கொக்கேய்னுக்குத் தென் புளோரிடா பெரிய வாசலாக இருந்தது. 1980-களின் நடுவில் கிராக் வந்தது. புகைக்கும்படியாகக் கட்டியாக்கப்பட்ட கொக்கேய்ன்தான் அது. பொடி பணக்காரரின் சமாச்சாரமாக இருந்தது; கிராக் சில டாலருக்குக் கிடைத்தது. சட்டென்று ஏறும், சில நிமிடத்தில் இறங்கும், உடனே அடுத்தது வேண்டும் என்று உடம்பு கேட்கும்.

அரசியலின் பதில் கடுமையாக இருந்தது. 1986-ல் வாஷிங்டன் கொண்டுவந்த சட்டத்தில் 5 கிராம் கிராக்குக்கும் 500 கிராம் கொக்கேய்ன் பொடிக்கும் ஒரே கட்டாயத் தண்டனை, ஐந்து வருடம். நூறுக்கு ஒன்று என்ற இந்தக் கணக்கு யாரை அதிகம் அடித்தது என்று சொல்லத் தேவையில்லை; கறுப்பினத்தவரின் தெருக்களில் விற்றது கிராக். 2010-ல்தான் அதைப் பதினெட்டுக்கு ஒன்று என்று குறைத்தார்கள்.

இது கூட்டாட்சிச் சட்டம். இங்கே ஒரு விஷயத்தைத் தெளிவாக்கிக்கொள்வது நல்லது. அமெரிக்காவில் இரண்டு நீதிமன்ற அமைப்புகள் பக்கம் பக்கமாக ஓடுகின்றன. கூட்டாட்சிச் சட்டத்தை மீறினால் கூட்டாட்சி நீதிமன்றம், மாநிலச் சட்டத்தை மீறினால் மாநில நீதிமன்றம். தெருவில் கையில் கொஞ்சம் கிராக்கோடு பிடிபடுகிறவர் பெரும்பாலும் மாநில நீதிமன்றத்துக்குத்தான் போவார். மயாமியில் அது பதினோராவது சர்க்யூட் நீதிமன்றம். அதன் வராந்தாக்கள்தான் போதை வழக்குகளால் நிரம்பின. கவுண்டி சிறையில் இடமில்லை. நெரிசலைக் குறைக்கச் சொல்லி மேலே கூட்டாட்சி நீதிமன்றத்தின் நெருக்கடி. வலையில் சிக்கியவர்களில் பெரிய கூட்டம், தன் உபயோகத்துக்காக வாங்கி வைத்திருந்தவர்கள். பிடித்து, அடைத்து, விட்டு, மறுபடி பிடிப்பதே பிழைப்பாகப் போனது.

வழக்கமான பாதை

ஒருவரை வைத்துப் பார்ப்போம். கற்பனை ஆள்தான், ஆனால் அந்தக் காலத்து மயாமியில் இப்படி ஆயிரக்கணக்கானவர்கள் இருந்தார்கள். வயது 28. கூரை போடும் வேலை. வெள்ளிக்கிழமை சம்பளம் வாங்கிய கையோடு ஒரு தெருமுனையில் இரண்டு கட்டி கிராக் வாங்குகிறார். திரும்பும்போது போலீஸ்.

முதலில் ஸ்டேஷனில் பதிவு: கைரேகை, புகைப்படம், என்ன குற்றம் என்ற குறிப்பு. அப்புறம் 24 மணி நேரத்துக்குள் ஒரு நீதிபதி முன்னால் நிறுத்த வேண்டும். புளோரிடாவில் இதற்கு முதல் ஆஜர் என்று பெயர். நம் ஊர் ரிமாண்டைப் போலத்தான். உன் மேல் இன்ன குற்றச்சாட்டு, உனக்கு வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமை உண்டு, பேசாமல் இருக்கும் உரிமையும் உண்டு என்று நீதிபதி சொல்வார். கைதுக்குப் போதுமான காரணம் இருந்ததா என்று பார்ப்பார். ஜாமீன் எவ்வளவு, அல்லது சொந்தப் பொறுப்பில் விடலாமா என்று முடிவு செய்வார். சில நிமிட வேலை.

வக்கீலுக்குப் பணம் இல்லையென்றால் பப்ளிக் டிஃபெண்டர் வருவார், அதாவது அரசு சம்பளத்தில் ஏழைகளுக்காக வாதாடுபவர். இந்த உரிமைக்கும் புளோரிடாவுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. பனாமா சிட்டி என்ற ஊரில் ஒரு பில்லியர்ட்ஸ் கூடத்தை உடைத்துத் திருடியதாகக் குற்றம் சாட்டப்பட்ட கிளாரன்ஸ் கிடியன், எனக்கு வக்கீல் தாருங்கள் என்று நீதிமன்றத்தில் கேட்டார். மறுத்துவிட்டார்கள். சிறையிலிருந்து தன் கையால் பென்சிலில் எழுதி உச்ச நீதிமன்றத்துக்கு அனுப்பினார். 1963-ல் உச்ச நீதிமன்றம், கடுங்குற்ற வழக்கில் ஏழைக்கு அரசு வக்கீல் தந்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மறுவிசாரணையில், வக்கீலோடு நின்ற கிடியன் விடுதலையானார். புளோரிடா அந்த வருடமே மாநிலம் முழுக்க பப்ளிக் டிஃபெண்டர் அலுவலகங்களை அமைத்தது. இந்தக் கதையை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு தேவைப்படும்.

அடுத்தது குற்றச்சாட்டைத் தாக்கல் செய்வது. மரண தண்டனை வழக்கு தவிர மற்றவற்றுக்குப் புளோரிடாவில் கிராண்ட் ஜூரி, அதாவது வழக்குப் போடலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழு, தேவையில்லை. அரசுத் தரப்பு வழக்கறிஞரே குற்றப்பத்திரிகையில் கையெழுத்துப் போடலாம். கொக்கேய்ன் வைத்திருந்தது மூன்றாம் நிலைக் கடுங்குற்றம், ஐந்து வருடம் வரை சிறை. பிறகு குற்றச்சாட்டை வாசித்துக் காட்டும் நாள். ஒப்புக்கொள்கிறாயா, மறுக்கிறாயா? மறுத்தால் ஆவணங்களைப் பரிமாறிக்கொள்வது, சோதனை செல்லாது என்று மனு, கடைசியில் ஆறு பேர் கொண்ட ஜூரி முன்னால் விசாரணை. ஆம், புளோரிடாவில் இந்த வகை வழக்குக்கு ஆறு பேர்தான். பன்னிரண்டு இல்லாவிட்டாலும் செல்லும் என்று 1970-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தக் காலத்து விதிப்படி, கைதான நாளிலிருந்து 175 நாட்களுக்குள் விசாரணை தொடங்க வேண்டும்.

இதெல்லாம் ஏட்டில். நடப்பில் பெரும்பாலான வழக்குகள் விசாரணை வரை போவதே இல்லை. வராந்தாவில் இரண்டு வக்கீல்களும் பேசுவார்கள், ஒப்புக்கொண்டால் இவ்வளவு தண்டனை என்று பேரம் படியும், ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். நம் கூரைத் தொழிலாளி உள்ளே இருந்த நாட்களே தண்டனையாகக் கழிந்து வெளியே வருவார். கையில் ஒரு குற்றப் பதிவு. வேலை போயிருக்கும். அந்தத் தெருமுனை மட்டும் அப்படியே இருக்கும்.

இந்த நடைமுறை முழுவதும் ஒரே ஒரு நாளைப் பற்றியது, வெள்ளிக்கிழமை அன்று என்ன நடந்தது என்பதைப் பற்றியது. போதைக்கு அடிமையானவரின் நோய் வெள்ளிக்கிழமையோடு முடிவதில்லை. அவரைக் கேட்டால் சனிக்கிழமை பற்றித்தான் சொல்வார்.

ஐந்து பேர் ஒத்துக்கொண்டது

டேட் கவுண்டியின் தலைமை நீதிபதி ஜெரால்ட் வெதரிங்டன், இந்தச் சுழலை உடைக்க வழி தேடினார். ஹெர்பர்ட் கிளைன் என்ற நீதிபதியை வழக்கமான வேலையிலிருந்து விடுவித்து, போதை வழக்குகளுக்கு என்ன செய்யலாம் என்று பார்க்கச் சொன்னார்கள். கிளைன் ஒரு வருடம் அதிலேயே மூழ்கினார். அரசுத் தரப்பு வழக்கறிஞர் ஜேனட் ரீனோ, பின்னாளில் நாட்டின் அட்டர்னி ஜெனரல் ஆனவர். பப்ளிக் டிஃபெண்டர் பென்னட் பிரம்மர். இருவரும் தேர்தலில் வென்று பதவிக்கு வருபவர்கள். போதைக்காரர்களை வெளியே விட்டார் என்று எதிராளி மேடையில் பேசினால் ஓட்டுப் போகும். அப்படிப்பட்ட இருவர், தினமும் எதிரெதிர் மேசையில் நிற்பவர்கள், ஒரே திட்டத்துக்குச் சம்மதித்ததுதான் என் பார்வையில் இந்தக் கதையின் பெரிய நிகழ்வு. நிர்வாக ஆணை எழுதுவது சுலபம். அரசுத் தரப்பு வழக்கை நிறுத்தி வைக்க ஒத்துக்கொள்வதும், எதிர்த்தரப்பு தன் கட்சிக்காரரின் உரிமைகளில் சிலவற்றை விட்டுக்கொடுக்க ஒத்துக்கொள்வதும் சுலபமில்லை.

அந்த நீதிமன்றத்தில் உட்கார ஸ்டான்லி கோல்ட்ஸ்டீன் என்ற நீதிபதி வந்தார். நீதிபதியாகும் முன் போலீஸ்காரராகத் தெருவில் வேலை பார்த்தவர். பொய் சொல்கிறவர்களைப் பார்த்துப் பழகியவர்.

பணம் எங்கிருந்து வந்தது என்பதும் சுவாரசியமானது. போக்குவரத்து விதியை மீறியவர்கள் அபராதப் புள்ளியைத் தவிர்க்கப் போகும் பயிற்சி வகுப்பின் கட்டணத்திலிருந்து ஒரு பங்கை எடுத்தார்கள். சிகிச்சை பெறுகிறவர்களும் தங்கள் வசதிக்கேற்பக் கொஞ்சம் கட்டினார்கள்.

யாரைச் சேர்ப்பது? தன் உபயோகத்துக்காகப் போதைப்பொருள் வைத்திருந்தவர், வாங்கியவர். விற்றவரும் கடத்தியவரும் இல்லை. வன்முறைக் குற்றப் பின்னணி கூடாது. பழைய தண்டனைகளுக்கு ஒரு வரம்பு. இந்த வரம்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அரசியலில் தப்பிப் பிழைக்க இது தேவைப்பட்டது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் பின்னால் வந்த ஆய்வுகள் காட்டியது, இந்த மாதிரி நெருக்கமான கண்காணிப்பால் அதிகம் பயன் பெறுபவர்கள் ஆபத்து கூடியவர்கள், அடிமைத்தனம் ஆழமாக வேர்விட்டவர்கள். டெலவேர் மாநிலத்தில் டக்ளஸ் மார்லோவும் அவருடைய கூட்டாளிகளும் சோதித்துப் பார்த்தபோது, அடிக்கடி நீதிபதியைப் பார்ப்பது அத்தகையவர்களுக்கு உதவியது; லேசான நிலையில் இருந்தவர்களுக்குப் பெரிய வித்தியாசம் இல்லை. சுலபமானவர்களைச் சேர்த்துக்கொண்டு, கடினமானவர்களை வெளியே நிறுத்தும் வழக்கம் பல ஊர்களில் இன்றும் இருக்கிறது.

கையெழுத்தில் போவது என்ன

நம் தொழிலாளி முதல் ஆஜரின்போதே அடையாளம் காணப்படுகிறார். பப்ளிக் டிஃபெண்டர் அவரிடம் வந்து விளக்குகிறார்: சேர்ந்தால் வழக்கு நிறுத்தி வைக்கப்படும். குறைந்தது ஒரு வருடம் சிகிச்சை. முடித்தால் வழக்கு தள்ளுபடி. முடிக்காவிட்டால் வழக்கு பழைய பாதைக்குத் திரும்பும்.

இதற்கு அவர் எதைக் கொடுக்கிறார்? விரைவான விசாரணை என்ற உரிமையை. அந்த 175 நாள் கணக்கு நின்றுவிடுகிறது. ஒரு வருடம் கழித்து அவர் தோற்றுத் திரும்பி வந்தால், போலீஸ் செய்த சோதனை சட்டப்படி சரியா என்று வாதாட வேண்டிய சாட்சிகள் எங்கே இருப்பார்களோ தெரியாது. அதனால் கையெழுத்துப் போடும் முன்பு ஒரு நல்ல வக்கீல் கேட்டே ஆக வேண்டிய கேள்வி: இந்த வழக்கை நேராக வாதாடினால் ஜெயிக்க வாய்ப்பு உண்டா? பையைத் திறக்கப் போலீசுக்கு உரிமையே இல்லாமல் இருந்திருந்தால், ஒரு வருடக் கண்காணிப்புக்கு அவர் ஏன் சம்மதிக்க வேண்டும்? கைதாகி ஒருநாள்கூட ஆகாதவர், தூக்கமில்லாதவர், போதை இறங்கி உடம்பு நடுங்குகிறவர். அவருடைய சம்மதத்தை அவசரப்பட்டு வாங்கக் கூடாது.

மயாமியில் சேருவதற்குக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. பிறகு வந்த பல நீதிமன்றங்கள் இதை மாற்றின. முதலில் ஒப்புக்கொள், அப்புறம் சிகிச்சை, தோற்றால் விசாரணையே இல்லை, நேராகத் தண்டனை. காகிதத்தில் இது சின்ன மாற்றம். நிற்பவருக்கு இது தலைகீழ் மாற்றம். மயாமியில் தோற்றவர் இன்னும் குற்றமற்றவராகவே கருதப்பட்டு விசாரணைக்குத் திரும்பினார். மற்ற ஊர்களில் தோற்றவர் ஏற்கெனவே குற்றவாளி.

நீதிமன்றத்தில் ஒரு காலை

போதை நீதிமன்றத்தில் அமர்வு தொடங்கும் முன்பே ஒரு கூட்டம் நடக்கும். நீதிபதி, அரசுத் தரப்பு, பப்ளிக் டிஃபெண்டர், சிகிச்சை மையத்திலிருந்து ஒருவர், நன்னடத்தை அலுவலர். அன்று வரப்போகும் ஒவ்வொருவரைப் பற்றியும் பேசுவார்கள். யார் வகுப்புக்கு வரவில்லை, யாருக்குப் பரிசோதனை தவறியது, யாருக்குக் குழந்தை பிறந்தது. பிறகு கதவு திறக்கும்.

நம் கோர்ட்டில் கூண்டில் நிற்பவரிடம் நீதிபதி பேசுவது அபூர்வம். பேசுவதெல்லாம் வக்கீல்கள். அமெரிக்க நீதிமன்றத்திலும் அப்படித்தான். போதை நீதிமன்றத்தில் இது மாறுகிறது. நீதிபதி நேராக அவரைப் பார்க்கிறார், பேரைச் சொல்லிக் கூப்பிடுகிறார், போன வாரம் பேசியதை ஞாபகம் வைத்துக் கேட்கிறார். வக்கீல்கள் ஒதுங்கி நிற்கிறார்கள். பரிசோதனை சுத்தமாக இருந்தால் பாராட்டு. பல நீதிமன்றங்களில் முழு அறையும் கைதட்டும். தவறியிருந்தால், ஏன் என்று கேள்வி. சொல்கிற காரணத்தை நீதிபதி நம்பலாம், நம்பாமலும் போகலாம். அடுத்த வாரத்திலிருந்து கூடுதல் கூட்டம், கூடுதல் பரிசோதனை. மீண்டும் மீண்டும் தவறினால் சில நாள் சிறை. உள்ளே போனாலும் திட்டத்தை விட்டு வெளியே போவதில்லை. வெளியே வந்ததும் மறுபடி இதே நீதிபதி முன்னால்தான்.

கூப்பிடும் வரிசைகூட யோசித்து வைக்கப்படுவது உண்டு. நன்றாக நடந்துகொண்டவரையும் சறுக்கியவரையும் எந்த இடத்தில் கூப்பிட்டால் புதிதாகச் சேர்ந்தவர் பெஞ்சில் உட்கார்ந்து கவனிப்பார் என்று பார்க்கிறார்கள். முதல் வாரத்தில் வந்தவர், பத்தாவது மாதத்தில் நிற்பவரைப் பார்க்கிறார். தன்னைப் போலவே இருந்த ஒருவர் இப்போது சட்டை தேய்த்துப் போட்டுக்கொண்டு வேலையைப் பற்றிப் பேசுவதைக் கேட்கிறார்.

இதில் வேலை செய்வது கருணை மட்டும் இல்லை என்று நினைக்கிறேன். நாள் கணக்கு வேலை செய்கிறது. தவறுக்கும் அதன் விளைவுக்கும் இடையே உள்ள தூரம் குறைகிறது. சாதாரண நீதிமன்றத்தில் இன்றைக்குச் செய்த தப்புக்கு அடுத்த வருடம் பதில் வரும், அல்லது வரவே வராது. இங்கே செவ்வாய்க்கிழமை போதை, வியாழக்கிழமை பரிசோதனை முடிவு, திங்கட்கிழமை நீதிபதி. அடிமைப்பட்ட மூளைக்கு அடுத்த வருடம் என்பது இல்லாத ஊர். அடுத்த திங்கட்கிழமை இருக்கிறது. 2011-ல் வெளியான பெரிய ஆய்வொன்று, 23 போதை நீதிமன்றங்களைச் சாதாரண நடைமுறை உள்ள இடங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தது. நீதிபதி தன்னை மரியாதையோடும் நியாயத்தோடும் நடத்தினார் என்று உணர்ந்தவர்களிடம் நல்ல மாற்றம் அதிகம் தெரிந்தது.

மயாமியின் சிகிச்சையில் காதில் ஊசி குத்தும் அக்குபஞ்சரும் இருந்தது. நியூயார்க்கில் சவுத் பிராங்க்ஸ் பகுதியின் லிங்கன் மருத்துவமனையில் பார்த்துவிட்டு வந்த முறை. காதுக்கு ஐந்து ஊசி. அந்த நாட்களில் எல்லோரும் அதைப் பற்றித்தான் பேசினார்கள். 2002-ல் 620 பேரை வைத்துச் செய்த மருத்துவச் சோதனையில், கொக்கேய்ன் அடிமைத்தனத்துக்கு அந்த ஊசிகள் தனியாகப் பலன் தரவில்லை என்று தெரிந்தது. ஊசிக்காக வந்து அரைமணி நேரம் அமைதியாக உட்கார்ந்ததில் சிலருக்கு ஏதோ நிம்மதி கிடைத்திருக்கலாம்; அதற்கு மேல் அதைத் தாங்கிப் பிடிக்க எனக்கு மனமில்லை.

எண்கள் சொன்னது

ஜான் கோல்ட்காம்ப், டோரிஸ் வேலண்ட் என்ற இரு ஆய்வாளர்கள் 1993-ல் மயாமியை அலசி எழுதினார்கள். போதை நீதிமன்றத்தில் சேர்ந்தவர்கள் மறுபடி கைதாவது ஒப்பிட்ட மற்றவர்களைவிடக் குறைவு. கைதானவர்களுக்கும் அது நடக்க இரண்டு மூன்று மடங்கு அதிகக் காலம் ஆனது. அதே ஆய்வில் இன்னொன்றும் வந்தது: கோர்ட்டுக்கு வராமல் போனவர்களின் விகிதம் இங்கே அதிகம். முதலில் படித்தபோது எனக்கு இது முரணாகப் பட்டது. யோசித்தால் நேரான கணக்குதான். மற்றவர்கள் ஓரிரு தடவை வர வேண்டும், இவர்கள் வருடம் முழுக்க வர வேண்டும். வாய்தா கூடினால் தவறும் வாய்தாவும் கூடும்.

பால்டிமோர் நகரில் இன்னும் கறாரான சோதனை நடந்தது. 235 பேரைச் சீட்டுக் குலுக்குவதுபோலப் பிரித்து, ஒரு பகுதியினரைப் போதை நீதிமன்றத்துக்கும் மற்றவர்களைச் சாதாரண நடைமுறைக்கும் அனுப்பினார்கள். இரண்டு வருடத்தில் போதை நீதிமன்றத்துக்குப் போனவர்களில் சுமார் 66 சதவீதம் பேர் மறுபடி கைதானார்கள். மற்றவர்களில் சுமார் 81 சதவீதம். இந்த எண்ணை நான் இரண்டு விதமாகவும் படிக்கிறேன். பதினைந்து சதவீத வித்தியாசம் என்பது பல குடும்பங்கள். மூன்றில் இரண்டு பேர் மறுபடி கைதானார்கள் என்பதும் உண்மை.

இந்த யோசனை பரவிய வேகம் அசாதாரணம். 1994-ல் கிளிண்டன் காலத்துக் குற்றச் சட்டம் போதை நீதிமன்றங்களுக்குக் கூட்டாட்சிப் பணத்துக்கு வழி செய்தது. ரீனோ அப்போது அட்டர்னி ஜெனரல். அதே வருடம் போதை நீதிமன்றப் பணியாளர்களுக்கு ஒரு தேசிய சங்கம் உருவானது. 1997-ல் பத்து அடிப்படைக் கூறுகள் என்ற வழிகாட்டி வந்தது. வெளிநாடுகளிலும் திறந்தார்கள்: டொரொன்டோ 1998, சிட்னிக்குப் பக்கத்தில் பாரமட்டா 1999, கிளாஸ்கோ 2001. அமெரிக்காவில் மட்டும் இன்று மூவாயிரத்துக்கும் மேல்.

வக்கீல் எந்தப் பக்கம்

பத்துக் கூறுகளில் இரண்டாவது, அரசுத் தரப்பும் எதிர்த்தரப்பும் மோதிக்கொள்ளாமல் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்கிறது. குற்றம் சாட்டப்பட்டவரின் உரிமையைக் காத்துக்கொண்டே, என்றும் சேர்த்துச் சொல்கிறது. படிக்க நன்றாக இருக்கிறது. நடக்கும்போது இந்த இரண்டு பாதிகளும் ஒன்றையொன்று இடிக்கின்றன.

அமர்வுக்கு முந்தைய அந்தக் கூட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஒருவரைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள், அவர் அங்கே இல்லை. சிகிச்சையாளரிடம் நம்பிச் சொன்னது நீதிபதியின் காதுக்குப் போகிறது. கூட்டத்தில் எல்லோரும் மூன்று நாள் சிறை என்று தலையாட்டும்போது, வேண்டாம் என்று சொல்ல வேண்டியவர் பப்ளிக் டிஃபெண்டர். ஆனால் அவரும் அந்தக் குழுவின் ஆள். வாரா வாரம் அதே மேசையில் காபி குடிக்கிறவர். பென்சிலில் எழுதிய கிடியனுக்குக் கிடைத்தது தன் பக்கம் நின்று சண்டை போட ஒரு வக்கீல். குழுவில் ஒருவராக மட்டும் இருக்கும் வக்கீலை அவர் கேட்கவில்லை. இந்தக் கவலையைச் சொல்பவன் நான் மட்டும் இல்லை. குற்றம் சாட்டப்பட்டவர்களுக்காக வாதாடும் அமெரிக்க வழக்கறிஞர்களின் தேசிய சங்கம் 2009-ல் இதையே நீண்ட அறிக்கையாக எழுதியது.

சின்னச் சின்னச் சிறை நாட்களைக் கூட்டினால், நேராகத் தண்டனை வாங்கியிருந்தால் கழித்திருக்கக்கூடிய காலத்தைவிட அதிகமாகிவிடும் வழக்குகளும் உண்டு. திட்டத்திலிருந்து ஒருவரை நீக்குவதற்கு முன் அவருக்கு முறையான நோட்டீசும் விசாரணையும் தர வேண்டும் என்று ஐடாஹோ மாநில உச்ச நீதிமன்றம் 2007-ல் தீர்ப்புச் சொல்ல வேண்டியிருந்தது. அதுவரை அது பல இடங்களில் நீதிபதியின் மனநிலையைப் பொறுத்திருந்தது.

டென்வரில் நீதிபதியாக இருந்த மோரிஸ் ஹாஃப்மன் 2000-ல் சுட்டிக்காட்டியது வேறு விதம். போதை நீதிமன்றம் திறந்தபின் அந்த ஊரில் தாக்கலான போதை வழக்குகள் ஏறக்குறைய மூன்று மடங்கானதாக எழுதினார். எப்படியும் சிகிச்சைக்குத்தானே அனுப்பப் போகிறோம் என்று, முன்பு எச்சரித்து விட்டிருக்கக்கூடியவர்களையும் போலீஸ் பிடிக்கத் தொடங்கினால், சிறையைக் காலி செய்ய வந்த திட்டமே சிறைக்கு ஆள் சேர்க்கும்.

எல்லாவற்றையும்விட எனக்குத் தாங்காதது மருந்து விஷயம். கிராக்குக்கு இன்றுவரை ஏற்றுக்கொள்ளப்பட்ட மருந்து இல்லை, அதனால் மயாமியில் இந்தக் கேள்வி எழவில்லை. ஹெராயினுக்கும் வலி மாத்திரைகளுக்கும் உண்டு. மெத்தடோன் பல பத்தாண்டுகளாக இருக்கிறது, பியூப்ரினார்ஃபின் 2002-ல் அமெரிக்காவில் இந்தச் சிகிச்சைக்கு அனுமதி பெற்றது. இரண்டும் மரணத்தைக் குறைப்பவை. ஆனாலும் பல நீதிபதிகள், ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதை என்று சொல்லி, டாக்டர் எழுதிய மருந்தை நிறுத்தினால்தான் திட்டத்தில் இடம் என்றார்கள். மருந்தை நிறுத்தியபின் உடம்பின் தாங்கும் சக்தி குறைந்துவிடும். மறுபடி சறுக்கி, பழைய அளவை எடுத்தால் உயிர் போகும். 2015-ல்தான், மருந்துச் சிகிச்சையை மறுக்கும் நீதிமன்றத்துக்கு மானியம் இல்லை என்று கூட்டாட்சி அரசு நிபந்தனை போட்டது. சட்டம் படித்த ஒருவர் இன்னொருவரின் மருந்துச் சீட்டில் கை வைக்கும் அளவுக்கு வளர்ந்த அதிகாரம், வாரா வாரம் நேரில் பார்க்கிறோம், எனக்கு இவனைத் தெரியும் என்ற அந்த நெருக்கத்திலிருந்துதான் வந்தது. பலம் என்று முதலில் சொன்னது இதைத்தான்.

நம் சட்டத்தில் இருக்கும் இரண்டு பிரிவுகள்

நம் என்டிபிஎஸ் சட்டம் தண்டிக்க மட்டுமே எழுதப்பட்டது என்று பலரும் நினைக்கிறார்கள். இல்லை. அதில் 39-ஆவது பிரிவு இருக்கிறது. போதைப்பொருள் உபயோகித்ததற்காகவோ, சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றவாளி என்று தீர்மானிக்கப்பட்டவர் அடிமைப்பட்டவராக இருந்தால், நீதிமன்றம் உடனே தண்டிக்காமல், அவருடைய சம்மதத்தோடு பத்திரம் எழுதி வாங்கிக்கொண்டு அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சைக்கு அனுப்பலாம். ஒரு வருடத்துக்குள் அவர் நீதிமன்றம் வந்து சிகிச்சையின் பலனைத் தெரிவிக்க வேண்டும். 64ஏ பிரிவு இன்னும் ஒரு படி மேலே போகிறது. இதே வகைக் குற்றச்சாட்டு உள்ள, அடிமைப்பட்ட ஒருவர் தானாக முன்வந்து சிகிச்சை எடுத்துக்கொண்டால் அவர்மேல் வழக்கு நடத்த முடியாது; சிகிச்சையைப் பாதியில் விட்டால் அந்தப் பாதுகாப்பு போகலாம். சிறிய அளவு என்பது கஞ்சாவுக்கு ஒரு கிலோ வரை, ஹெராயினுக்கு 5 கிராம் வரை.

மகன் பிடிபட்டான் என்று தெரிந்ததும் குடும்பம் முதலில் ஓடுவது ஜாமீன் மனுவுக்கு. அது சரிதான். அதோடு வக்கீலிடம் மூன்று விஷயம் கேளுங்கள். எடை சிறிய அளவுக்குள் வருகிறதா? விற்பனை என்று சேர்த்திருக்கிறார்களா, உபயோகம் மட்டுமா? 64ஏ-யின் கீழ் சிகிச்சைக்குப் போவதாக மனு போட முடியுமா, அதற்கு எந்த மருத்துவமனையின் சான்று செல்லும்? அவன் நிஜமாகவே அடிமைப்பட்டிருக்கிறானா என்பதை டாக்டர் சொல்லட்டும். ஒருநாள் பிடித்துப் பார்த்தவனை அடிமை என்று எழுதி வைத்தால் அந்த ஏடும் அவன் கூடவே வரும்.

39-ஆவது பிரிவின் வாசகத்தை மயாமியின் நாட்காட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். நம் சட்டம் ஒரு வருடத்துக்குள் வந்து சொல் என்கிறது. கோல்ட்ஸ்டீன் முன்னால் நின்றவருக்கு அந்த ஒரு வருடத்தில் திரும்பத் திரும்ப அதே முகத்தைப் பார்க்கும் தேதிகள் இருந்தன.